மனூவரும் ஒரு பட்டாசு லாரியும்

போன வாரம் என் அக்கா மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். மணப்பெண் காருக்கு நான்தான் டிரைவர். வீட்டிலிருந்து சர்ச்சுக்குப் பத்து நிமிடம் போதும் — நடுவில் அந்தத் திருத்தங்கல் சந்து மட்டும் இல்லாதிருந்தால்.

சந்தில் எதிரே பட்டாசு லோடு லாரி. எனக்குப் பின்னால் வேன், ஆட்டோ, பைக்குகள். லாரிதான் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும்.

பாஸ்டர் நேரத்தில் கறார். எங்களை அடுத்து இன்னொரு ஜோடி வேறு காத்திருக்கிறது. பிந்தினால் கல்யாணம் சாயங்காலத்துக்குப் போய்விடும். ஸ்டெல்லா நர்ஸ், ஐசியூவில்கூடப் பதறாதவள். பின்சீட்டில் பூச்செண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நாம போறதுக்குள்ள எந் தாலிய வேற யாருக்காச்சும் கட்டிருவாக போலருக்கே."

பேச்சை மாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வது. அந்த லாரி செய்ய வேண்டியதற்கு ஆங்கிலத்தில் மனூவர் என்று பெயர் என்றேன். இடுக்கில் லாவகமாக நகர்வது. லத்தீனில் 'கையால் வேலை செய்' என்று கிளம்பி, பிரெஞ்சுக்குள் புகுந்து, கப்பலையும் படையையும் நகர்த்திவிட்டு ஆங்கிலத்துக்கு வந்த சொல். கூடப் பிறந்தவள் ஒருத்தி உண்டு. அவளும் அதே கைவேலைதான். ஆனால் வயலுக்குப் போனாள், மண்ணைக் கொத்தினாள், கடைசியில் மெனூர் ஆகிவிட்டாள். அதாவது எரு. அக்கா படை நடத்துகிறாள், தங்கை சாணி அள்ளுகிறாள்... எந்தக் குடும்பத்தில்தான் இல்லை?

விளக்கம் நன்றாயிருக்கிறது, லாரி நகரவில்லையே என்றாள் ஸ்டெல்லா.

எப்படி நகரும்? எங்கள் பக்கம் லாரியை ரிவர்ஸ் எடுப்பது டிரைவரா? தெரு அல்லவா! அச்சாபீஸ் பிரஸ்காரர், டீ மாஸ்டர், பால் வாங்க வந்தவர் — அத்தனை பேரும் லாரிக்குப் பின்னால் நின்று கை காட்டினார்கள். ஒரு கை இடது என்றது, ஒரு கை வலது என்றது, ஒன்று வா என்றது, இன்னொன்று நில் என்றது. டிரைவரின் கண்ணாடியில் கைகளைத் தவிர வேறென்ன தெரியும்?

மற்ற ஊர்களில் லாரியின் பாடியைத் தட்டி 'வரலாம்' என்பார்கள். இங்கே பட்டாசு லோடை யாரும் தட்ட மாட்டார்கள். தட்டினால் வெடித்துவிடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும்... தட்ட மாட்டார்கள்.

கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்த போட்டோகிராபருக்கு இது தெரியாது. என் பக்கத்து சீட்டிலிருந்து இறங்கினார். நேராகப் போய் லாரியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினார். ஒன்று, இரண்டு. "ரைட், வரலாம்."

"ஏலே, தட்டாதலே..." என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. அவ்வளவுதான். பிரஸ் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. டீ மாஸ்டரைக் காணோம். பால் வாங்க வந்தவர், பாத்திரத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்.

கண்ணாடியில் முதல்முறையாகச் சாலை தெரிந்ததும், லாரி டிரைவர் ஒரே மூச்சில் பின்னால் எடுத்து ஒதுங்கினார். நாங்கள் கடக்கும்போது தலையை நீட்டி, போட்டோகிராபரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"தீவாளி லோடு சீசன் முடியுற மட்டும் இங்கனதான இருப்பீக?"

பாட்டு தொடங்கும்போது சர்ச் படியேறிவிட்டோம். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். முடிச்சுப் போட மூன்று நாத்தனார்களும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள். மாப்பிள்ளைக்குக் கைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஸ்டெல்லா மெதுவாகத் திரும்பி, போட்டோகிராபரைப் பார்த்தாள்.