மூடி வைத்த தட்டு

இஸ்திரியக்காவுக்கு வாய் நீளம். காலர் கசங்கி வந்தால் போதும், சட்டைக்குச் சொந்தக்காரனின் ஏழு தலைமுறையும் பெட்டிக்கடியில் வெந்துவிடும். அந்த வாய்தான் ஒரே மகனையும் விரட்டியது. காதலித்தவளோடு வந்து நின்றவனிடம், "இவளைக் கட்டினா இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாள். பயல் கேட்டுவிட்டான், அம்மா சொல்லி அவன் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் அவனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். மறுநாள் அதையே தின்றுவிட்டு வேலைக்கு நிற்பாள். யாராவது கேட்டால், "உன் வேலையைப் பாரு" என்பாள்.

அவள் வீட்டு மாடி அறைக்கு, கல்லூரியில் படிக்க வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி குடிவந்தாள். தமிழ்ப் பேச்சையும் நன்றாகவே கற்றிருந்தாள். இந்த ஊர் வாழ்க்கையைத் தன் நாட்டாருக்குக் காட்டுகிறேன் என்று கண்டதையெல்லாம் வீடியோ எடுத்துப் போடுவாள். தட்டையும் எடுத்தாள். கேளுங்கள் கூத்தை! "எப்போ விருந்தாளி வந்தாலும் சாப்பிடணும்னு இங்கே எல்லா வீட்லயும் ஒரு தட்டு வைப்பாங்க" என்று பேசியும் விட்டாள். அது கண்டபடி பரவிய பிறகுதான் இஸ்திரியக்காவிடம் காட்டினாள்.

"தப்பா சொல்லிட்டேனா ஆன்ட்டி? தப்புன்னா எடுத்துடறேன்."

உண்மை தொண்டை வரை வந்தது. ஆனால் ஊரே பார்ப்பது மகன் கண்ணில் மட்டும் படாமலா போகும்? பட்டால் தட்டு யாருக்கென்று அவனுக்கா தெரியாது?

"சரிதான்மா, இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு வாசலில் எந்த வண்டி நின்றாலும் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். துணி பொசுங்கி, வாடிக்கைக்காரர்களிடம் இவள் ஏச்சு வாங்கும் காலமும் வந்தது.

ஒருநாள் அந்தப் பெண் மூச்சிரைக்க இறங்கி வந்தாள். "ஆன்ட்டி, இப்படி ஒரு வழக்கமே இல்ல, பொய் சொல்றேன்னு வீடியோவுக்குக் கீழே உங்க ஊர்க்காரங்க திட்டினாங்கல்ல? ஒருத்தர் எனக்காகப் பேசியிருக்கார்!" என்று வாசித்தாள்: "'எங்க ஊர் வழக்கம்தான் இது. தனியா யாருக்குன்னும் இல்ல, சும்மா வைக்கிறது.'"

பக்கத்தில் எழுதியவனின் படம். மகன்தான். சற்றுச் சதை போட்டிருந்தான், மடியில் ஒரு குழந்தை. பார்த்திருக்கிறான், புரிந்துகொண்டுதான் இப்படி எழுதியிருக்கிறான். இனி வரமாட்டான்.

"பதில் போடணும் ஆன்ட்டி. என்ன எழுதட்டும்?"

அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறி விரித்தாள்.

"அந்தத் தம்பி சொல்றது சரிதான்னு எழுது."