பசி இருக்கும் இடம்

புதுக் குஞ்சுகள் வந்திறங்கும் நாளில் ஷெட்டில் பழைய பேப்பரை விரித்துத் தீவனம் தூவுவோம். அந்தப் பேப்பரை டாக்டரம்மா நகத்தால் தட்டிய சத்தம்தான் அவரை நினைத்தால் முதலில் வருகிறது. இண்டூர்ப் பக்கம் எங்கள் கோழிப்பண்ணைக்கு வந்துபோன கால்நடை மருத்துவர் அவர். ஒரு சித்திரை வெயிலில், லாரியில் வதங்கி வந்த குஞ்சுகள் தீவனத்தைத் தொடவே இல்லை. யாராவது சாப்பிடாமல் இருந்தால் எனக்குப் பொறுக்காது. போதும் என்று இலையைக் கையால் மறைத்தாலும் இன்னொரு கரண்டி வைக்கிறவள் நான். குஞ்சுகளுக்கும் அள்ளி அள்ளிக் கொட்டினேன். அவை மூலையில் போய் அப்பிக்கொண்டன. மறுநாளும் இப்படியே போனால் பாதிகூட மிஞ்சாது.

டாக்டரம்மா வந்ததும் என்னைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

"கொட்டாதீங்கக்கா. பசிய மூளைதான் நடத்துது. பயந்துட்டா அங்க ஒரு ஹார்மோன் சுரந்து பசிய அடைச்சிரும்."

நம் வயிறு காலியானால் வேறொரு ஹார்மோன் சுரந்து சாப்பிடச் சொல்லித் தூண்டுமாம். அதே ஹார்மோன் கோழிக்குஞ்சின் மூளையில் பசியை அடக்குமாம். "நம்ம வயித்த வெச்சு அதுங்க வயித்த அளக்கக் கூடாதுங்க" என்றார். பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து, அலகு கொத்துவதுபோல் நகத்தால் பேப்பரை மெல்லத் தட்டினார். இவ்வளவு படித்தவர் தாய்க்கோழி வேலை பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு குஞ்சு வந்து கொத்தியது. அதைப் பார்த்து மற்றவை வந்தன.

அடுத்த வருடம் அவர் கணவர் சாலை விபத்தில் இறந்துபோனார். மறுபடி வேலைக்குச் சேர்ந்து எங்கள் பண்ணைக்கு வந்தபோது டாக்டரம்மா பாதியாக இளைத்திருந்தார். "எந்த வூட்டுலயும் ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கறாங்களாம். கட்டாயப்படுத்துனா எழுந்து போயிடறாங்களாம்" என்றார் என் வீட்டுக்காரர். இப்படியே போனால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. எடுத்து வைக்கச் சொல்லிக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

மதியம் டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கென்று களியும் கீரைக் குழம்பும் போட்டுக்கொண்டேன். அவர் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு கிண்ணத்தையும் வைத்தேன். சாப்பிடச் சொல்லவில்லை. மக்காச்சோள விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே தின்றேன். என் களி பாதி தீர்ந்தபோது அவர் ஒரு துண்டு பிட்டார். அழுதுகொண்டே விழுங்கினார். நிமிராமல் தின்றேன்.

இப்போது அவர் வேறு மாவட்டத்தில் இருக்கிறார். நேற்று புதுக் குஞ்சுகள் வந்தன. பேப்பரை விரித்து நகத்தால் தட்டினேன், கொத்தத் தொடங்கின. மதியம் டாக்டரம்மா ஃபோன் செய்தார். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பதில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே குஞ்சுகளைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டது.