பெரியப்பாவுக்காகக் கடல் வரும்வரை

என் பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. மலாய் நாட்டில், கடலே தெரியாத புலாவ் செபாங் ஊரில் ரயிலையும் ரப்பர் மரங்களையும் பார்த்து வளர்ந்தவர், என்ன நினைத்தாரோ, கடற்படையில் சேர்ந்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அந்தப் பாரம்பரியத்தை இன்றும் நான் காப்பாற்றி வருகிறேன்.

ஜப்பான்காரன் சண்டையில் அவருடைய கப்பலைக் குண்டு போட்டு உடைத்தார்கள். எல்லாரும் கடலில் குதிக்க, நீந்துகிறவர்களைச் சுட விமானங்கள் தாழ்ந்து வந்தன. பெரியப்பா பீரங்கியை விட்டு நகரவில்லை. மேலே பார்த்துச் சுட்டுக்கொண்டே கப்பலோடு போய்விட்டார். பிழைத்து வந்த கூட்டாளி ஒருவர் வீடு தேடி வந்து சொன்னது இது.

வீடே அழுதது. அவருடைய தங்கை, என் அத்தை, அப்போது சின்னப் பெண். அவர் மட்டும் நம்பவில்லை. உடல்தான் வரவில்லையே! பெரியவரான பிறகும் அண்ணன் படத்துக்கு மாலை போட விடவில்லை, திதி கொடுக்க விடவில்லை. அப்பா அந்தப் பேச்சை எடுத்தால் அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது.

போன ஆடி மாதம், தொண்ணூறைத் தாண்டிய அந்த அத்தை சக்கர நாற்காலியில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நான் போறதுக்குள்ள அண்ணனை அனுப்பி வச்சிடணும். எனக்கப்புறம் அவருக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல அத்தை."

"அதான் பயமா இருக்கு."

ஆடி அமாவாசைக்கு எல்லாம் நானே ஏற்பாடு செய்தேன். வேன், ஐயர், எள், பிண்டம். பஞ்சாங்கத்தில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் அலசிவிட்டேன். கிளேபாங் கடற்கரையில் இறங்கினால் கடல் இல்லை. வற்றிப்போய், தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. நடுவில் சேறு. தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

"என்னடா, கடலைக் காணோம்?"

"இங்கதான் அத்தை இருந்துச்சு."

மானத்தைக் காப்பாற்ற வேட்டியை மடித்துக் கட்டி, பிண்ட இலையோடு சேற்றில் இறங்கினேன். செருப்பு போனது. அப்புறம் கால்கள் போயின. இரண்டு மலாய் மீனவர்கள் சிரித்துக்கொண்டே என்னை இலையோடு பிடுங்கி எடுத்தார்கள். கரையேற்ற வேண்டியது பெரியப்பாவை. கரையேறியது நான். சாயங்காலம் தண்ணீர் வந்துவிடும் என்று மீனவர்கள் சொன்னார்கள்.

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் முடியப் போகுதும்மா. ஒரு சொம்புத் தண்ணியில விட்டுடலாம் லா."

"சொம்புலயா செத்தாரு எங்க அண்ணன்?"

அந்த வார்த்தையை அத்தை வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. ஐயர் பஞ்சாங்கத்தைப் பையில் வைத்துவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

காத்திருந்தோம். விரதம் என்பதால் யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் வேனுக்குப் பின்னால் போய் கிழங்கு அடைத்துப் பொரித்த ஒரு கரிபாப் சாப்பிட்டேன். பசியின் கஷ்டம் கப்பல்காரருக்குத் தெரியாதா என்ன?

வெயில் சாய்ந்ததும் தண்ணீர் வந்தது. மெதுவாக ஊர்ந்து வந்து அத்தையின் நாற்காலிச் சக்கரங்களை நனைத்தது. ஐயர் மந்திரம் சொல்ல, நான் எள்ளும் நீரும் விட்டேன். பிண்ட இலையை எடுக்கப் போனபோது அத்தை கை நீட்டினார். இதெல்லாம் ஆண்கள் செய்வது. ஐயர் என்னைப் பார்த்தார், நான் ஐயரைப் பார்த்தேன். இலையைக் கொடுத்துவிட்டேன்.

அத்தை குனிந்து அதைத் தண்ணீரில் விட்டார்.

"போயிட்டு வாண்ணே."

ஐயர் தயங்கினார். "அம்மா, இதுல வான்னு சொல்லக் கூடாது..."

"வந்தா வரட்டுமே ஐயரே. உங்களுக்கு என்ன?"