பார்சலில் போன அடைமுட்டைகள்

சேவுகனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவனுடைய சேவலைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஒருநாளும் சேவல் சண்டை பார்க்கப் போனவனில்லை. இளையாத்தங்குடியிலிருந்து மூன்று மைலில் இருக்கும் எங்கள் ஊரில், கிளைத் தபாலாபீசைப் பதினெட்டு வருஷம் என் வீட்டு முன்னறையில் வைத்து நடத்தியவன் நான். பூமிநாதன் என்று பெயர். எனக்குத் தெரிந்ததெல்லாம் சேவுகன் அனுப்பிய முட்டைகள்தான். அந்தக் கண்றாவியில் என் கையும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

சேவுகனுக்குக் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நிலம், ஒரு ஜோடி மாடு. எழுத்து வாசனை கிடையாது. ஆனால் அவன் வீட்டுக் கோழி வம்சம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. சேவலை விற்பார்கள், பெட்டைக்கோழி மட்டும் வாசலைத் தாண்டாது. அவன் அப்பா போட்ட சட்டம் அது. ஊருக்கே தெரியும். பெட்டை போனால் வம்சமே போன மாதிரி என்று, சாகிறபோதுகூட அந்த மனுஷன் மகனிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் போனார்.

சேவுகனுக்கு ஒரே தங்கை, அழகி. கம்பம் பக்கத்தில் மாயக்கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாயக்கண்ணனும் சேவல் பைத்தியம். பரிசம் போட்ட அன்றைக்கே சபையில் வைத்து, "சீரோட சீரா ஒரு ஜோடிக் கோழி குடுத்துருங்க மச்சான்" என்று கேட்டான். சேவுகன் யோசிக்கவே இல்லை. "அது மட்டும் ஆகாது" என்று பட்டென்று சொல்லிவிட்டான். அத்தனை பேர் முன்னால் மாப்பிள்ளை முகம் தொங்கிப்போனது. நானும் அந்தப் பந்தலில் இருந்தேன். கொஞ்சம் இதமாகச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டான். "ஒங்கண்ணன் வீட்டுக் கோழி என் வீட்டுக்கு வரட்டும். அப்புறம் நீ அந்த வீட்டுக்குப் போ" என்று சொன்னானாம். ஐந்து வருஷம் அழகி எங்கள் ஊர் மண்ணை மிதிக்கவில்லை. மாசிக் களரித் திருவிழாவுக்கு ஊரில் பிறந்த பெண்களெல்லாம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வருவார்கள். சேவுகன் வீட்டு அடுப்பு மட்டும் பிறந்த பெண் இல்லாமல் எரியும். அறுபத்தேழாம் வருஷக் களரி முடிந்த மூன்றாம் நாள் அவன் தபாலாபீசுக்கு வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, முட்டை தபால்ல போகுமா?"

"தபால்ல போகாத சாமான் என்னடா இருக்கு? ஒழுங்கா கட்டுனா போகும்."

"அடைவைக்கிற முட்டைண்ணே. அழகி வீட்டுக்கு. ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. அப்பன் வாக்கை மீறிட்டான்னு என் காதுபடவே பேசுவாய்ங்க."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் ஆபீஸ் வழியாக ஒரு குடும்பம் ஒட்டப் போகிறதே! நானே பெட்டி தேடிக் கொடுத்தேன். அவன் மனைவி ஒச்சம்மாள்தான் முட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவளிடம்கூட அவன் உண்மையைச் சொல்லவில்லை. "அழகி ஒடம்பு இளைச்சுப் போயிட்டாளாம், நம்ம வீட்டு முட்டை திங்கணும்னு வைத்தியர் சொன்னாராம்" என்று சொல்லி வைத்திருந்தான். மாமனார் வாக்கை வேதமாக நினைக்கிறவள் அவள், அவள் முன்னால் சிறுத்துப்போக அவனுக்கு மனமில்லை.

பதினோரு முட்டை. உமி பரப்பி, ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றி, மேலே சிவப்பு மையில் 'முட்டை, மெதுவாக' என்று நானே எழுதினேன். ஒரு மாதத்தில் அழகியிடமிருந்து கடிதம் வந்தது. சேவுகனுக்கு வரும் கடிதத்தை நான்தான் ஆபீசில் வைத்துப் படித்துச் சொல்வேன். நான்கு உடைந்துவிட்டதாம், மிச்சம் ஏழும் கூமுட்டையாம். ஆடியில் மறுபடி அனுப்பினோம். பனையோலைப் பெட்டி, உள்ளே வைக்கோல், அதற்குமேல் பழைய வேட்டித் துணி. ஒன்றுகூட உடையவில்லை, ஒன்றுகூடப் பொரிக்கவும் இல்லை. கார்த்திகையில் மூன்றாவது தடவை. அதுவும் அப்படியே. "அண்ணே, அவுக திட்டக்கூட இல்ல, சிரிக்கிறாக. எனக்கு அதுதான் தாங்க முடியல" என்று எழுதியிருந்தாள்.

சேவுகன் என் மேசையில் ஓங்கி அடித்தான். "முட்டையை வழியில போட்டு உலுக்குறாய்ங்கண்ணே. உலுக்குனா கரு கலங்கிப்போகும். எவன் அவன்?"

எவன் என்று கேட்டதற்கு என் வாயில் வந்த பெயர் வீரணன். தினமும் தபால் பையைச் சைக்கிளில் வைத்து ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்குக் கொண்டுபோகிறவர். என்னைவிட வயதில் மூத்தவர், யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். ஒருநாள் மழைக்கு அவசரமாக ஒதுங்கியவர், பையைத் தொப்பென்று கீழே போட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு நாள்! அதை வைத்துக்கொண்டு இங்கிலீஷில் இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினேன். என் இங்கிலீஷ்மேல் எனக்கு அப்போது கொள்ளைத் திமிர். சேவுகன் கைநாட்டு வைத்தான். விசாரணைக்கு வந்த அதிகாரி, "பையை எறிவாரா?" என்று என்னைக் கேட்டார். "எறிவார்" என்றேன். அடுத்த வாரமே வீரணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தை பிறந்ததும் வீரணன் என் வாசலில் வந்து நின்றார். வைவார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "போஸ்ட்மாஸ்டரய்யா, இன்னொரு தடவை முட்டை குடுக்கச் சொல்லுங்க. நானே மடியில வச்சுக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வாரேன். குஞ்சு பொரிச்சா என் மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுப்பீகளா?" என்றார்.

சேவுகன் ஒத்துக்கொண்டான். ஒச்சம்மாளிடம் அதே வைத்தியர் கதைதான். அவள் பதின்மூன்று முட்டையை எடுத்துத் துணிப்பொதியாகக் கட்டிக் கொடுத்தாள். மூன்று பஸ் மாறி, மடியிலிருந்து கையை எடுக்காமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு சொன்னார். முட்டையை அழகி கையில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து இருபத்தொரு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

கடிதம் வந்த அன்று சேவுகன் ஆபீசுக்கு வரவில்லை. சேவல் முள் காலில் ஏறி வீங்கிப் படுத்திருந்தான். நானும் வீரணனும் அவன் வீட்டுக்கே போனோம். முற்றத்தில் ஒச்சம்மாள் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியக்கூடாதென்பதை அவசரத்தில் மறந்து, நான் கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். "அண்ணே, வீரணண்ணன் கொண்டாந்த பதின்மூணையும் நல்ல அடைக்கோழிக்குத்தான் வச்சோம். இருபத்தஞ்சு நாள் ஆச்சு. ஒண்ணும் பொரிக்கல."

வீரணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒச்சம்மாள் கையிலிருந்த நெல்லைக் கீழே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"என்ன, அடைவச்சாகளா? எந்த முட்டையை?"

"அழகிக்கு அனுப்புனது அம்புட்டும் அடைவைக்கத்தான்மா" என்று நான் கடிதத்தை மடித்தேன்.

"அது எப்படிப் பொரிக்கும்? இந்த வீட்டு முட்டை வெளிய போறதா இருந்தா கொதிக்கிற ஒலையில ஒரு முக்கு முக்கித்தானே குடுப்போம்! நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கே ஒங்க ஆத்தா சொல்லிக் குடுத்ததாச்சே. திங்கிறதுக்குன்னு நீங்கதானே சொன்னீக!"

சேவுகன் வீங்கிய காலோடு எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு அது தெரியவே தெரியாது. சேவல் ஆண்கள் பாடு, முட்டை பெண்கள் பாடு என்று இருந்த வீடு அது. பெட்டை வாசல் தாண்டக்கூடாதென்று அப்பா சட்டம் போட்டால், முட்டை வழியாகவும் தாண்டாமல் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒச்சம்மாளும் நான்கு தடவையும் ஒரு முட்டையைக்கூட விடாமல் முக்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு நொடி முக்கியதற்கு ஓட்டில் என்ன அடையாளம் தெரியும்?

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முக்காம குடுத்திருப்பேனே. நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருக்கப்போறேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வீரணன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அவர் வைதிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

மறுநாளே நான் அதிகாரிக்கு எழுதினேன். என் மனு தப்பு, என் சாட்சி தப்பு, வீரணன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டதென்று இரண்டு வரியில் பதில் வந்தது. மறுபடியும் எழுதினேன். அதற்குப் பதிலே இல்லை. வீரணன் கடைசிவரை கூலிக்கு மண் வெட்டியே காலத்தை ஓட்டினார். வழியில் பார்த்தால், "நல்லா இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அந்தக் கேள்விக்கு நான் ஒருநாளும் நிமிர்ந்து பதில் சொன்னதில்லை.

கால் ஆறியதும் சேவுகன் ஒரு காரியம் செய்தான். வம்சத்திலேயே நல்ல பெட்டை ஒன்று, சேவல் ஒன்று. இரண்டையும் கூடையில் வைத்து, பட்டப்பகலில், ஊர் பார்க்கத் தெரு நடுவே தூக்கிக்கொண்டு நடந்தான். துணைக்கு நானும் போனேன். ஊரில் ஒருத்தன்கூட ஒன்றும் சொல்லவில்லை. "தங்கச்சி வீட்டுக்கா? நல்லது, போயிட்டு வாங்க" என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

காலையில் பஸ் ஏறியவர்கள் பொழுது சாய்வதற்குள் கம்பம் போய்விட்டோம். மாயக்கண்ணன் கோழியைத் தூக்கிப் பார்த்தான், காலைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். நடந்ததையெல்லாம் சேவுகன் ஒளிக்காமல் சொன்னான். மாயக்கண்ணனுக்கு என்ன தோன்றியதோ, "சரி மச்சான், விடுங்க. ஒங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க. பத்து நாள் இருந்துட்டு வரட்டும்" என்றான். சேவுகன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அழகி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். கிளம்பு என்று அண்ணன் சொன்னபோதுதான் பேசினாள்.

"இந்தக் கோழிய அன்னைக்கே ஒரு பஸ் ஏறிக் கொண்டாந்திருக்கலாமேண்ணே. ஆறு வருசமா வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேனே. ஊரு என்ன சொல்லுமோன்னு ஒங்களுக்கு இருந்த பயத்தில, ஒரு நா, ஒரே ஒரு நா, என் நெனப்பு வரலையா?"

சேவுகன் காலிக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரல" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.