தடுப்புப் புரதமும் கருப்பட்டி மிட்டாயும்

என் தம்பி சரியான அவசரக் குடுக்கை. உலை கொதிக்கும் முன்னே தட்டைப் போட்டு உட்காருகிற ரகம். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு மருந்து கலக்கும் வேலை கிடைத்தபோது முதலில் வேண்டாம் என்றேன். அங்கே போர்மேன் என் வீட்டுக்காரர். அந்தத் தைரியத்தில்தான் சரி என்றேன்.

"நான் அங்கன இருக்கையிலே உனக்கென்ன பயம்? அவனைப் பிடிச்சு வைக்கத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்காக," என்பார் அவர்.

ஈரக்காற்று பட்டால் கலவை தானாகவே சூடேறிவிடும். அதனால் போர்மேன் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து தோளில் தட்டினால்தான் கலவைக்காரன் மருந்து அறைக்குள் போகலாம். வானம் மேகமூட்டமாய் மூடாக்குப் போட்ட நாளில் இவர் தட்டவே மாட்டார். தம்பி வீட்டுக்கு வந்து புலம்புவான். "அக்கா, மச்சான் என்னைக் கட்டிப் போட்டுல்லா வச்சிருக்காக!"

"கெடலே, நல்லதுதான்," என்று சிரிப்பேன்.

அந்தத் தீபாவளி சீசனில் என்ன பொல்லாத தூறல்! விடவே இல்லை. வடக்கே இருந்து பெரிய ஆர்டர் வந்து, முதலாளி காரில் வந்து இறங்கினார். பெரிய ஆர்டர் என்றால் கருப்பட்டி மிட்டாய் கொடுப்பது அங்கே வழக்கம். முதல் பொட்டலம் போர்மேனுக்கு. அவர் அதை வாங்கிவிட்டால் வேலை தொடங்கியாயிற்று என்று பொருள்.

"லோடு நாளைக்குக் கிளம்பணும். முடியாதுன்னா சொல்லிருங்க, வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்," என்றாராம் முதலாளி. என் வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். பொட்டலத்தை வாங்கினார். தம்பியின் தோளில் தட்டினார்.

மருந்து அறை வெடித்து, தம்பியைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தே கொண்டுவந்தார்கள். திறக்க விடவில்லை. கூடப் பிறந்தவன் முகத்தைக் கடைசியாய் ஒருதரம் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிடித்து வைப்பேன் என்று சொன்ன மனுஷன் நெற்றியில் கட்டுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு அவருக்குச் சோறு மட்டும் போட்டேன். பேச்சு இல்லை.

நான் விருதுநகரில் அறிவியல் டீச்சர். மறு கோடையில் மதுரையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. ஒரு பேராசிரியர் ஈஸ்ட்டைப் பற்றிப் புதிதாய் வந்திருந்த கருத்து ஒன்றைச் சொன்னார். பாலிலிருந்து வரும் ஒருவகைச் சர்க்கரையைத் தின்ன ஈஸ்ட்டிடம் ஜீன்கள் உண்டு. அவற்றை எழுப்பிவிட ஒரு புரதம் எப்போதும் தயாராய் இருக்கிறது. ஆனால் இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சர்க்கரை வந்ததும் தடுப்புப் புரதம் பிடியை விடுகிறது. ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன.

எழுதுவதை நிறுத்திவிட்டேன். எழுந்து கேட்டேன்: "சர்க்கரை வந்தும் பிடியை விடாத தடுப்பான் உண்டா சார்?"

"உண்டம்மா. ஜீன் பிறழ்ந்துபோன சில ஈஸ்ட்டுகளில் அப்படித்தான். ஆனால் அந்தச் சர்க்கரையை மட்டும் கொடுத்தால் அவை தின்ன முடியாமல் கிடக்கும். வளராது."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த 'வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்' காதிலேயே நின்றது. என் சம்பளம் பழைய கடனுக்கே போய்விடும். என் வீட்டுக்காரர் பிடியை விடாமல் இருந்திருந்தால் வேலை போய், மறுநாள் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை.

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, அத்தனை மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தேன். ஈஸ்ட் கதையை முழுக்கச் சொன்னேன். சர்க்கரை என்றதும் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"விடாம பிடிச்சுக்கிட்டு இருந்துச்சே, அது என்னாகும்?"

"பட்டினி கிடக்கும். அம்புட்டுதான்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கிடந்திருக்கலாம்," என்றார்.