ஏசியை அணைத்த சனிக்கிழமை

எட்டு மாதக் குழந்தை தும்மினால் ஏசியை அணைப்பது தவறா? அணைத்தவள் நான். இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். புதிய ப்ராசஸர் சிப்புக்குள் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சிமுலேட்டர் என்ற மென்பொருளில் மாதிரியாகக் கட்ட வேண்டும். தயாரிப்பவர்கள் எல்லா விவரங்களையும் வெளியிடுவதில்லை. அதனால் உண்மையான சிப்பில் சோதனை ப்ரோக்ராம்களை ஓட்டி அளந்து, அதற்கு ஒத்துவரும்வரை மாதிரியின் எண்களை மாற்றுவோம்.

அந்த அளவை எடுத்தது மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. குழந்தைகள் காப்பகம் விடுமுறை, கணவருக்கு டியூட்டி. மகளைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போனேன். வேறு யாரும் இல்லை. அவளுக்குச் சளி. இரண்டு முறை தும்மினாள், ஏசியை அணைத்துவிட்டேன். விரித்த துப்பட்டாவில் அவள் தூங்கி எழுவதற்குள் சோதனைகள் முடிந்துவிட்டன.

சிப்பின் வேகத்தை ஒரே அளவில் பூட்டித்தான் வைத்திருந்தேன். ஆனால் சூடு மிஞ்சினால் அது பூட்டையும் மீறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; ஏசி இல்லாத அறையில் அன்று அதுதான் நடந்தது. மெமரி மட்டும் தன் வேகத்திலேயே இருக்கும். அதனால் சிப் மெமரிக்காகக் காத்திருக்கும் நேரம், சிப்பின் துடிப்புகளை எண்ணும் கணக்கில், குறைவாகத் தெரிந்தது. அதை நம்பி மாதிரியிலும் குறைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. மகிழ்ந்தேன்கூட.

நவம்பரில் மறுபடி அளந்தேன், பொருந்தவில்லை. பழைய பதிவைத் திறந்தால் சிப்பின் வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் அதில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அதற்குள் என்னுடன் ஆராய்ச்சி செய்யும் நாகர்கோவில் பெண் என் மாதிரியை வைத்து நான்கு மாத வேலையை முடித்திருந்தாள். அளந்தபோது சிப் சூடாகியிருந்தது, என் எண்கள் தவறு என்று அவளிடம் சொன்னேன்.

“நாலு மாசமும் போச்சாக்கா?” என்றாள். காலண்டரைத் திறந்து வாரங்களை எண்ணினாள். பிறகு, “சரி, மூணு வாரத்துல திருப்பி ஓட்டிரலாம். நாமளே அங்க சால்வ போட்டுட்டுல்ல இருப்போம், சிப்புக்கு மட்டும் எப்படிக்கா வேர்த்துச்சு?”

“ஏசி வேலை செய்யல.”

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. குழந்தையால் வேலைக்கு இடைஞ்சல் வராது என்று எங்கள் பேராசிரியரிடம் உறுதி சொல்லியிருந்தேன். அது காரணமாக இருக்கலாம்.

அவள் நான் சொன்னதை அப்படியே பேராசிரியரிடம் சொல்ல, அவர் மே மாதம் அந்த வாரத்தில் ஏசியை சர்வீஸ் செய்த மெக்கானிக் மீது புகார் எழுதித் தரும்படி என்னிடம் சொல்லிவிட்டார். நாங்கள் இந்தியில் ‘பையா’, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் அந்த மெக்கானிக் ஒப்பந்த ஆள். புகார் போனால் அவர் வேலை போய்விடும், அடுத்த நாள் வேறு ஒருவர் ஏணியோடு வருவார்.

புகார் எழுத மாட்டேன். திங்கட்கிழமை பேராசிரியரைப் பார்க்கிறேன். “சளியையும் சேத்துச் சொல்லு, அவரும் பிள்ளை வளத்தவர்தானே” என்கிறார் கணவர். எனக்கு வேறு பயம். எனக்குப் பின்னால் ஒருத்தி குழந்தையோடு இடம் கேட்டு வரும்போது என் கதையைச் சொல்லி மறுத்துவிட்டால்? ‘நான்தான் அணைத்தேன்’ என்பதோடு நிறுத்தலாமா, அது இன்னொரு பொய்யாகிவிடுமா? இப்படி ஓர் இடத்தில் நின்றவர்கள் இருந்தால், என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.