கார்டுக்கு முறை வைத்தவன்

எண்பதுகளின் கடைசியில், ஏரிக்கரையிலிருந்த எங்கள் சின்னத் தொலைபேசி நிலையத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வந்தது. கேபிளின் முனையில் ஓர் இரும்பு அலமாரி. அதற்குள் ஒரே மாதிரி இரண்டு கார்டுகள். ஒன்று ஓடும், அது படுத்தால் எழுந்துகொள்ள மற்றது ஸ்டாண்ட்பையாகக் காத்திருக்கும். எதையும் கையால் தொடக் கூடாது. பச்சை எழுத்துத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். முதலில் ஸ்டேட்டஸ் கேள், பதில் வந்ததும் ஸ்விட்ச் செய், பிறகு அது நகராதபடி லாக் செய்.

என்னோடு வேலை பார்த்தவன் ஏரி நடுவிலிருக்கும் பசியாவரத்துக்காரன். என் வயதுதான். படகில் வந்து போகும் தினக்கூலி. வேலை நிரந்தரமாக அதிகாரியின் ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதை நம்பி வலையையே தம்பிக்குக் கொடுத்துவிட்டிருந்தான்.

ஏரியில் மீன் விழும் இடங்களில் ஆளாளுக்கு முறை வைத்து வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அந்த நியாயத்தை இவன் அலமாரிக்குள்ளும் கொண்டுவந்தான். சாயங்காலமானால் கார்டை மாற்றுவான்.

“எதுக்குடா நோண்டுற?” என்றேன்.

“ஒருத்தனே தெனிக்கும் பாடு எடுத்தா இன்னா நாயம்? இது சும்மா குந்திக்கினு கீது. இதுக்கும் ஒரு நாளு வேணாமா?”

சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஆனால் ஸ்டேட்டஸ் கேட்பதை அவன் சீக்கிரமே நிறுத்திவிட்டான். முறைக்காரனிடம் போய் உன்னால் முடியுமா என்று ஏரியில் யாரும் கேட்பதில்லை. கட்டளையின் கடைசியில் ஃபோர்ஸ் என்று சேர்த்தால் இயந்திரமும் மறுபேச்சுப் பேசாது.

நான் லீவில் இருந்த ஒரு நாள் சாயங்காலம், லைன் செத்தது. பழக்கப்படி அவன் ஃபோர்ஸ் அடித்துக் கார்டை மாற்றியிருக்கிறான். ஸ்டாண்ட்பை கார்டு எழவில்லை. பதறிப்போய்க் கையாலேயே கார்டுகளைப் பிடுங்கிச் செருகியதில் பின்கள் வளைந்தன. மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்து சரிசெய்யும்வரை வெளியூருக்கு ஒரு பேச்சும் போகவில்லை.

ஏன் மாற்றினாய் என்று கேட்டார். அவன் பாடு முறையை ஒளிக்காமல் சொன்னான். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். டிரைவரைக் கூப்பிட்டு, இவனுக்கும் சொல்லு என்றார். அதையும் சொன்னான்.

“நேத்து நீ வர்றதுக்கு முன்னாடி நல்ல கார்டை வேற ஊருக்கு எடுத்துட்டு, செத்த கார்டை இங்க வெச்சதே நான்தான்யா. ஸ்டேட்டஸ் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்குமே,” என்றார் அதிகாரி.

“ஒரு வார்த்தை சொல்லிட்டு வெச்சிருக்கலாமே சார்,” என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஆளை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

இயந்திரத்துக்குள் நுழைய அவனுக்கென்று ஒரு பெயர் பதிந்திருந்தோம். அது இருந்தால்தான் அங்கே வேலை. என் பெயரில் திறந்திருந்த திரையைக் காட்டி அவனிடம், “உன் பேரை நீயே எடுத்துடு,” என்றார்.

“நான் அடிக்கிறேன் சார்,” என்றேன்.

“அவனே அடிக்கட்டும்.”

அவன் உட்கார்ந்தான். முதலில் ஸ்டேட்டஸ் கேட்டான். திரையில் அவன் பெயர், பக்கத்தில் ஆக்டிவ் என்று வந்தது. அந்தப் பெயரை லாக் செய்தான். பதில் வரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு அழிக்கச் சொன்னான். ஃபோர்ஸ் சேர்க்காததால் நிச்சயமா என்று இயந்திரம் கேட்டது. ஆமாம் என்பதற்கான எழுத்தைத் தட்டினான்.

முகமெல்லாம் மலர்ச்சியாக எழுந்து நின்றான். தனக்கு வைத்த பரீட்சை என்று நினைத்திருக்கிறான்.

“ஒரு ஸ்டெப்பும் வுடல சார். கையெழுத்து போட்டுடுவீங்களா?”

அதிகாரி கையிலிருந்த மிச்ச டீயை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு ஜீப்புக்கு நடந்தார்.